வீட்டில் தனித்திருப்பவர்களைப் போனில் விசாரிக்கும் பணி: அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். கொரோனா வந்து வீட்டிலேயே தனித்திருப்பவர்களைத் தினமும் போனில் விசாரிக்க நாங்கள் ஆறு பேர் சேர்ந்திருக்கிறோம். பட்டியலில் இப்போது 40 பேர். பாதிக்கு மேல் தனியாக வாழும் முதியவர்கள்.

காய்ச்சல், மூச்சுத்திணறல், ஆக்ஸிமீட்டர் (விரலில் மாட்டி ரத்தத்தில் உள்ள ஆக்ஸிஜனைப் பார்க்கும் கருவி) காட்டும் அளவு மூன்றையும் கேட்டுக் குறித்துக்கொள்கிறோம். ஆக்ஸிஜன் அளவு 94 சதவீதத்துக்குக் கீழே போனால் உடனே மருத்துவரிடம் பேசச் சொல்கிறோம். மூச்சுத்திணறல் தெரியாமலேயே ஆக்ஸிஜன் இறங்கிவிடலாம் என்பதால்தான் இந்தக் கவனம். ஆனால் நேற்று ஒரு பாட்டி "நல்லாத்தான் இருக்கேன்பா" என்று மூன்று முறை சொன்னார். கருவியை விரலில் மாட்டத் தெரியவில்லை என்பது கடைசியில்தான் புரிந்தது. மனசு கேட்கவில்லை. நகப்பூச்சு இருந்தாலோ விரல் சில்லிட்டிருந்தாலோகூட அளவு தப்பாகக் காட்டும். இதையெல்லாம் போனில் எப்படி விளக்குவது?

இந்த வேலை பார்த்தவர்கள் இருக்கிறீர்களா? போனை எடுக்காதவர் வீட்டுக்கு எத்தனை முறை முயன்றபின் ஆள் அனுப்பினீர்கள்? நோயாளிகளின் விவரம் வெளியே போகாமல் எப்படிப் பார்த்துக்கொண்டீர்கள்?

அப்புறம், மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்க முடிந்தவர்கள் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள். செவிலியராக இருந்தவர் ஒருவர் கிடைத்தால் எங்களுக்குப் பெரிய பலம்.