ஸ்பேம்அசாசின் விதிகள் புதுப்பிக்காமல் நின்றால்: கண்ட கோளாறுகள், செய்த தீர்வுகள்

ஸ்பேம்அசாசின் என்பது குப்பை மெயிலை வடிகட்டும் நிரல்; அதன் விதிகளைப் புதுப்பிப்பது எஸ்ஏ-அப்டேட் கட்டளை. அது தினமும் ஓடுகிறது, பிழைச் செய்தி ஏதும் இல்லை, ஆனாலும் குப்பை மெயில் நேராக இன்பாக்ஸில் வந்து விழுகிறது என்றால் முதலில் விதிகளின் வயதைப் பாருங்கள். /வார்/லிப்/ஸ்பேம்அசாசின் அடியில் பதிப்பு எண்ணின் பெயரிலேயே ஒரு ஃபோல்டர் இருக்கும். 3.4.6 என்றால் 3.004006, 4.0.1 என்றால் 4.000001. அதற்குள் அப்டேட்ஸ்_ஸ்பேம்அசாசின்_ஆர்க்.சிஎஃப் கோப்பைத் திறந்தால் முதல் வரியிலேயே 7 இலக்க எண் ஒன்று நிற்கும். கையில் இருக்கும் விதித்தொகுப்பின் எண் அது. வெளியே இருப்பது எது என்பதை டிஎன்எஸ் (இணையப் பெயர்களுக்கு விவரம் தரும் சேவை) சொல்லும்: பதிப்பு எண்ணைத் திருப்பிப் போட்டு, 6.4.3.அப்டேட்ஸ்.ஸ்பேம்அசாசின்.ஆர்க் என்ற பெயரின் டிஎக்ஸ்டி ரெக்கார்டை டிக் கட்டளையால் கேளுங்கள். இரண்டு எண்ணும் ஒன்றென்றால் கோப்பு இறங்குவதில் குறை இல்லை.

டிக்குக்குப் பதிலே வராவிட்டால்தான் ஆபத்து. பதிப்பின் ரெக்கார்டு மட்டும் கிடைக்காவிட்டால் எஸ்ஏ-அப்டேட் அதைப் பிழையாகக் கணக்கில் எடுக்காது. இந்தப் பதிப்புக்கு இன்னும் புதிய விதி வரவில்லை என்று எடுத்துக்கொண்டு எக்ஸிட் கோட் (நிரல் முடியும்போது தரும் எண்) 1 கொடுத்து முடித்துவிடும். எல்லாம் சரியாக இருக்கும் நாளிலும் புதியது இல்லையென்றால் அதே 1தான். டிஎன்எஸ் முழுவதுமே எட்டாவிட்டால், விதிகளை வைத்திருக்கும் மிரர் (நகல்) சர்வர்களின் ரெக்கார்டும் கிடைக்காமல் பிழையோடு நிற்கும்: ஃபயர்வாலில் வெளிச்செல்லும் 53ஆம் போர்ட்டை யாரோ அடைத்திருப்பார்கள், அல்லது ரிசால்வ்.கான்ஃப் கோப்பில் செத்துப்போன ரிசால்வர் (டிஎன்எஸ் கேள்விக்குப் பதில் தரும் சர்வர்) இருக்கும். பெரிய எழுத்து டி ஆப்ஷனோடு கையால் ஒருமுறை ஓட்டினால் டிஎன்எஸ் கேள்வி தோற்ற வரி கண்ணில் படும்.

மற்ற எக்ஸிட் கோட்கள்: 0 என்றால் புதியது இறங்கி நிறுவப்பட்டது. 2 என்றால் உங்கள் .பிரீ கோப்புகள் லின்ட் சோதனையில் (கோப்பு பிழையின்றி எழுதப்பட்டதா என்று பார்ப்பது) தோற்றன, புதுப்பிப்பு தொடங்கவே இல்லை. 4 அல்லது அதற்கு மேல் உண்மையான பிழை.

* * *

மேலே சொன்னதோடு, கோப்பின் கையொப்பத்தைச் சோதிக்கும் ஜிபிஜி நிரலையும் சேர்க்க வேண்டும். தொகுப்பு இறங்கியது, கையொப்பச் சோதனை தோற்றது என்ற செய்தி வந்ததும் பலரும் நோஜிபிஜி ஆப்ஷனைப் போட்டு வாயை அடைக்கிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். எந்த மெயில் உள்ளே வரலாம் என்று தீர்மானிக்கும் கோப்பு அது. யார் அனுப்பியது என்று பார்க்காமல் ஏற்றக்கூடாது. அப்பாச்சி தளத்தின் அப்டேட்ஸ் பக்கத்திலிருந்து ஜிபிஜி.கீ கோப்பை இறக்கி, எஸ்ஏ-அப்டேட்டின் இம்போர்ட் ஆப்ஷனில் கொடுத்தால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும்.

இன்னும் தோற்றால் மூன்றைப் பாருங்கள். சாவிகள் இருக்கும் எஸ்ஏ-அப்டேட்-கீஸ் ஃபோல்டர், கட்டளையை ஓட்டும் பயனருக்கே சொந்தமாக, 700 பெர்மிஷனில் இருக்கிறதா? சர்வர் கடிகாரம் பின்தங்கி, கையொப்பம் நாளைய தேதியில் போட்டதுபோல் தெரிகிறதா? டாக்கர் இமேஜ் என்றால் ஜிபிஜி நிரலே இருக்கிறதா? டெபியனில் அது ஸ்பேம்அசாசினுக்குப் பரிந்துரைப் பொதி மட்டுமே. பரிந்துரைகளை விலக்கி நிறுவும் இமேஜ்களில் வராது, தனியாகக் கேட்டுப் போட வேண்டும்.

* * *

டெபியன், உபுண்டு வைத்திருப்பவர்களுக்கு. அங்கே புதுப்பிப்பு டெபியன்-ஸ்பேம்டி என்ற பயனரின் பெயரில் ஓடுகிறது. சோதித்துப் பார்க்கலாமே என்று ரூட்டாக ஒருமுறை ஓட்டினால் போதும், விதிக் கோப்புகள் ரூட்டுக்குச் சொந்தமாகிவிடும். அன்றைக்கு எல்லாம் சரியாகவே தெரியும். அடுத்த இரவு க்ரான் (குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டுவது) ஓடும்போது எழுத அனுமதி இல்லை என்று நிற்கும். ஃபோல்டர் முழுவதையும் சோன் கட்டளையால் அந்தப் பயனருக்கே சொந்தமாக்கிவிட்டு, இனி கையால் ஓட்டுவதையும் எஸ்யூ கட்டளை வழியாக அதே பயனராகவே ஓட்டுங்கள். ரூட்டின் உமாஸ்க் (புதிய கோப்புகளின் அனுமதியைத் தீர்மானிக்கும் எண்) 077 ஆக இருந்தால் தொல்லை இன்னும் பெரிது: விதிகள் இறங்கியிருக்கும், மெயிலைச் சோதிக்கும் பின்னணி நிரலான ஸ்பேம்டியால் அவற்றைப் படிக்க முடியாது. உமாஸ்க் 022 ஆக இருக்கட்டும்.

ப்ராக்ஸிக்குப் (இணையத்துக்கு இடையில் நிற்கும் சர்வர்) பின்னால் இருக்கும் சர்வர் என்றால், டெர்மினலில் இயங்குவது க்ரானில் இயங்காது. ப்ராக்ஸியின் முகவரியைச் சொல்லும் சூழல் மாறி உங்கள் ஷெல்லில் மட்டும்தான் இருக்கிறது; க்ரான் கோப்பிலும் எழுதுங்கள். ஐபிவி6 பெயருக்கு மட்டும் இருந்து வழி இல்லாத இடங்களில் மிரர் ஒவ்வொன்றிலும் டைம்அவுட் ஆகும். மைனஸ் 4 ஆப்ஷன் போடுங்கள்.

* * *

சேனல், அதாவது விதிகள் எங்கிருந்து வருகின்றன என்ற விஷயத்தை இதுவரை தொடவில்லை. அதிகம் பேர் விழும் குழி அது.

சேனல் ஆப்ஷனில் வெளியார் சேனல் ஒன்றை, உதாரணமாகக் காம் (KAM) என்ற சேனலை, மட்டும் கொடுத்தால் எஸ்ஏ-அப்டேட் அதை மட்டுமே இறக்கும். அதிகாரபூர்வச் சேனல் தானாகச் சேராது. அதைவிட மோசம் இது: /வார்/லிப் அடியில் அந்தப் பதிப்பின் ஃபோல்டர் உருவான நொடியிலிருந்து, /யூஎஸ்ஆர்/ஷேர்/ஸ்பேம்அசாசினில் உள்ள இயல்பு விதிகளை நிரல் படிக்காது. ஆக, கூடுதல் விதி சேர்க்கப் போய் அடிப்படை விதிகள் அத்தனையும் போய்விடும். இரண்டு சேனலையும் ஒரே கட்டளையில் கொடுங்கள். வெளியார் சேனலுக்கு அவர்களுடைய சாவியைத் தனியாக இம்போர்ட் செய்து, ஜிபிஜிகீ ஆப்ஷனில் அதன் எண்ணையும் சொல்ல வேண்டும்.

3.4.6இலிருந்து 4.0க்கு ஏறும்போதும் இதன் தம்பி ஒன்று வரும். புதிய பதிப்பு புது ஃபோல்டரைத் தேடும், பழையதைத் தொடாது. ஏற்றிய கையோடு எஸ்ஏ-அப்டேட் ஓட்டாவிட்டால், மூலக்கோப்பிலிருந்து நிறுவியவர்களுக்கு "விதிகளே இல்லை" என்ற லின்ட் எச்சரிக்கை வரும்.

* * *

விதி இறங்கிய பிறகும் வேலை பாக்கி இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கும் ஸ்பேம்டி பழைய விதிகளையே நினைவகத்தில் வைத்திருக்கும், மறுதொடக்கம் வேண்டும். அமாவிஸ் என்ற மெயில் வடிகட்டி வைத்திருந்தால் அது ஸ்பேம்அசாசின் நூலகத்தைத் தனக்குள்ளேயே ஏற்றிக்கொள்வதால் மறுதொடக்கம் செய்ய வேண்டியது அமாவிஸைத்தான். ஸ்பேம்டியை எத்தனை முறை தொடங்கினாலும் பயன் இல்லை. எஸ்ஏ-கம்பைல் (விதிகளை வேகமாக ஓடும் வடிவுக்கு மாற்றும் கட்டளை) பயன்படுத்துபவர்கள் மறுதொடக்கத்துக்கு முன் அதையும் ஓட்ட வேண்டும்.

டெபியனின் தினசரி ஸ்கிரிப்ட் மறுதொடக்கத்துக்கு முன் லின்ட் பார்க்கிறது. லோக்கல்.சிஎஃப் கோப்பில் நீங்கள் எழுதிய ரெஜெக்ஸில் (மெயிலில் தேட வேண்டிய எழுத்து வடிவம்) ஒரு அடைப்புக்குறி மூடாமல் போனாலும் அங்கேயே நின்றுவிடும். புதிய விதி டிஸ்க்கில், பழைய விதி நினைவகத்தில். ஏழிலக்க எண் சரியாக இருந்தும் பலன் தெரியாவிட்டால் இதுதான் காரணமாக இருக்கும். அந்தக் கோப்பைத் தொட்ட ஒவ்வொரு முறையும் ஸ்பேம்அசாசின் லின்ட் ஓட்டுங்கள்; சத்தமே இல்லாமல் முடிந்தால் சரி.

* * *

3.4.2க்கு முந்தைய பதிப்பு இன்னும் ஓடுகிறதென்றால் மேலே சொன்ன எதுவும் உதவாது. 2020 மார்ச் 1 முதல் எஸ்ஹெச்ஏ-1 கையொப்பத்தோடு விதிகள் வெளியிடுவதை நிறுத்திவிட்டார்கள். எஸ்ஹெச்ஏ-256, 512 இரண்டையும் பழைய எஸ்ஏ-அப்டேட் அறியாது. நிரலையே ஏற்றுவதுதான் ஒரே வழி.

"பழைய விதியால் நான்கு குப்பை கூட வரும், அவ்வளவுதானே" என்று தள்ளிப்போடுபவர்கள் 2010 ஜனவரி 1ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். தேதி வெகுதூர எதிர்காலத்தில் இருக்கிறதா என்று பார்க்கும் விதி ஒன்று 2010 முதல் 2099 வரை எல்லா ஆண்டையும் எதிர்காலம் என்று எழுதி வைத்திருந்தது. புத்தாண்டு பிறந்ததும் நல்ல மெயில், கெட்ட மெயில் எல்லாவற்றுக்கும் பெரும்பாலான அமைப்புகளில் 3 புள்ளிக்கு மேல் ஏறியது. இயல்பு வரம்பே 5தான். திருத்தம் எஸ்ஏ-அப்டேட் வழியாகத்தான் வந்தது. அது ஓடாத சர்வர்களில், யாராவது கையால் அந்த விதிக்கு 0 புள்ளி போடும்வரை நல்ல கடிதங்கள் குப்பைக் கூடைக்குப் போய்க்கொண்டே இருந்தன.