மறு: ஃபுட்சாலுக்குத் தமிழ்ச்சொல்

வணக்கம். கூடத்தில் அணிக்கு ஐந்து பேராக ஆடும் ஃபுட்சால் என்ற கால்பந்து வகைக்குத் தமிழ்ச்சொல் தேடுவது பற்றி நீங்கள் கேட்டவற்றுக்குப் பதில் எழுதுகிறேன்.

> 'உள்ளரங்கக் கால்பந்து' போதுமே ஐயா, புதுச்சொல் எதற்கு?

போதாது அம்மா. அமெரிக்காவில் சுற்றிலும் பலகை அடைத்து, பந்தை அதில் மோதவிட்டு ஆடும் ஆட்டம் ஒன்று இருக்கிறது. அந்தப் பெயர் அதற்குப் பொருந்தும். ஃபுட்சாலில் பலகை கிடையாது. கோட்டைத் தாண்டினால் பந்து வெளியே போனதுதான்.

அதோடு, உள்ளரங்கக் கால்பந்து என்றதும் மழைக்கு ஒதுங்கிய கால்பந்து என்று தோன்றிவிடும். 1930இல் உருகுவேயின் மான்டிவிடியோ ஒய்.எம்.சி.ஏ.யில் உடற்கல்வி ஆசிரியர் ஹுவான் கார்லோஸ் செரியானி வகுத்த ஆட்டம் இது. அணிக்கு ஐந்து பேர் என்பதைக் கூடைப்பந்திலிருந்து எடுத்துக்கொண்டார். பிரேசிலில் இது தனி ஆட்டமாகவே வேரூன்றியது. மரத்தூள், தக்கை, குதிரைமயிர் அடைத்த பந்தில் ஆடியதால் 'கனத்த பந்து விளையாட்டு' என்றே சொல்வார்கள். இன்றைய பந்தும் துள்ளாது. 2 மீட்டர் உயரத்திலிருந்து விட்டால் 50 முதல் 65 சென்டிமீட்டர் வரைதான் எழும்பலாம் என்பது விதி. பந்து காலடியிலேயே கிடக்கும். பிள்ளைகள் அதை உள்ளங்காலால் அமுக்கி வைத்து, எதிராளி காலை நீட்டும் நொடியில் பின்னுக்கு இழுத்துவிடுவார்கள். ரொனால்டினோவும் நெய்மாரும் சின்ன வயதில் பழகியது இந்த ஆட்டத்தில்தான். பெரிய திடலுக்கு இடமில்லாத நகரங்களில் பள்ளிக்கூடத்துச் சிமென்ட் தளம் போதும். 1989 முதல் 2024 வரை நடந்த 10 ஃபிஃபா ஃபுட்சால் உலகக் கோப்பைகளில் 6 பிரேசிலுக்குப் போயின. இப்படிப்பட்ட ஆட்டத்துக்கு ஒட்டுப்பெயர் வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

> 'ஐவர் கால்பந்து'?

பாராலிம்பிக்கில் பார்வையற்றோர் ஆடும் ஆட்டமும் ஐவர் ஆட்டம்தான். அதிலும் பிரேசில் பேர்போன நாடு. ஒரே கட்டுரையில் இரண்டும் வந்தால் வாசகர் திணறுவார்.

ஃபுட்சாலில் உள்ள 'சால்', கூடம் என்று பொருள்படும் 'சலாவ்' என்ற போர்த்துகீசியச் சொல்லின் சுருக்கம். அதனால் முதலில் 'கூடப்பந்து' என்று எழுதி, மகளிடம் வாசித்துக் காட்டினேன். "கூடைப்பந்தா அப்பா?" என்றாள். அடித்துவிட்டேன்.

என் பரிந்துரை 'அரங்கப்பந்து'. மற்ற பந்தாட்டங்களும் அரங்கில் நடக்கின்றனவே என்பீர்கள். கூடைப்பந்தையும் கையால்தான் ஆடுகிறோம், அதனால் கைப்பந்து என்ற பெயருக்குப் பழுது வந்துவிடவில்லையே. அரங்கப்பந்து வீராங்கனை, அரங்கப்பந்துக் குழு என்று சேர்த்து எழுதவும் வாகாக இருக்கிறது.

'பிவோ' (சுழல் அச்சு) என்ற ஆட்டக்காரருக்குத்தான் சொல் அகப்படவில்லை. கோலுக்கு முதுகு காட்டி நின்று, பின்னால் ஒருவர் ஒட்டிக்கொண்டு நெருக்கும்போதே பந்தை வாங்கி, ஓடிவரும் தோழருக்குத் தட்டிவிடுபவர். 'அச்சாளர்' என்றால் அச்சகம் நினைவுக்கு வருகிறது. 'சுழலர்' என்றால் கிரிக்கெட் வந்துவிடுகிறது. இரண்டு நாளாக இதே யோசனைதான். உங்களுக்கு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்