முதல் விறைப்பு ஊசி: கூட்டாளிக்கா, நோயாளிக்கா?

கல்லடிக்காரி:
பேராதனையில பல் மருத்துவம் படிக்கிற நம்மட பிள்ளைகள் கனபேருக்கு, நோயாளியிட வாயை விறைக்க வைக்கப் போடுற முதல் ஊசி என்டாலே கை விறைக்குது. முதல்ல தங்களுக்குள்ள ஒருத்தருக்கொருத்தர் போட்டுப் பழகட்டும் என்டுறன். பொம்மையில கை பழகும். ஆனா பொம்மை எச்சில் விழுங்காது, தலையை இழுக்காது. தனக்கு ஊசி ஏறினாத்தான் நோவு குத்துறதால வாறதை விட மருந்தை அவசரமாத் தள்ளுறதாலதான் கூட வருது என்டு விளங்கும்.

கல்முனை_77:
ஏலாது அக்கா. சேர் பக்கத்துல நிக்கக்குள்ள கூட்டாளி "ஓம்" என்டா அது விருப்பமா? வைத்தியம் தேவையில்லாத வாய்க்குள்ள கீழ்த்தாடை ஊசி போட்டு இரத்தம் கட்டலாம், வாய் திறக்க ஏலாம இறுகலாம், நாக்கு நரம்பில பட்டா மாசக்கணக்கா மரத்துக் கிடக்கலாம். நோயாளியிட மேல்தாடையில தொடங்கட்டும். முரசைத் துணியால துடைச்சு, விறைப்பு ஜெல் பூசி ஒன்டு ரெண்டு நிமிசம் விடுங்க. உதட்டை இழுத்துப் பிடிச்சு, மடிப்பில சில மில்லிமீற்றர்தான் ஆழம். நோயாளிக்கு, மாணவர்தான் போடுறார், டொக்டர் பக்கத்துல நிக்கிறார் என்டு முதலே சொல்லோணும்.

ஏறாவூர்த்தம்பி:
அண்ணன், எனக்குப் பயம் கீழ்த்தாடைதான். ஊசி எலும்பில முட்டாட்டி என்ன செய்யுற?

கல்முனை_77:
தள்ளிக்கொண்டு போகாதீங்க தம்பி. 20–25 மில்லிமீற்றர் உள்ள போகக்குள்ள எலும்பு வரோணும். வராட்டி முனை பின்னால போயிட்டு. அங்க மருந்தை விட்டா காதுக்கு முன்னால இரிக்கிற உமிழ்நீர்ச் சுரப்பிக்குள்ள போய், முக நரம்பு விறைச்சு, சில மணித்தியாலம் அந்தப் பக்கக் கண்ணை மூட ஏலாமப் போகும். கொஞ்சம் வெளியே எடுத்து, எதிர்ப்பக்க முன்கடைவாய்க்கு மேல இருந்த சிரிஞ்சைக் கடைவாய்ப் பக்கம் திருப்பித் திரும்பப் போங்க. பாதியிலயே முட்டினா நேர்மாறு, முன்பல்லுப் பக்கம் திருப்புங்க. ஊசியை அதிட அடி வரைக்கும் உள்ள குத்தவே கூடாது. ஊசி முறியிறது அடியிலதான், முழுசா உள்ள போனா பிடிச்செடுக்க நுனி மிஞ்சாது.

கல்லடிக்காரி:
இதோட ஒத்துப்போறன். நடுக்கத்துக்கு ஒன்டு: கையை அந்தரத்துல வெச்சா நடுங்கும். முழங்கையை விலாவோட ஒட்டி, சின்ன விரலை நோயாளியிட நாடி எலும்பில ஊன்றுங்க. மருந்து விடமுதல் பின்னுக்கு இழுத்துப் பாருங்க. மருந்துக் குழாய்க்குள்ள இரத்தச் சிவப்பு வந்தா இடத்தை மாத்தோணும். குழாயில இரிக்கிற 1.8 மில்லிலீற்றர் மருந்தையும் உள்ள விட்டு முடிக்க ஒரு நிமிசமாவது எடுங்க, மனசுக்குள்ள அறுபது எண்ணுங்க.

இன்னொன்டு, படுவான்கரைக் கிராமங்கள்ள இருந்து விடிய பஸ் ஏறி, வெறும் வயித்தோட வாறவங்களைக் கேளுங்க, "என்ன சாப்பிட்டீங்க?" மயக்கம் வாற மாதிரி முகம் வெளிறி வேர்த்தா கதிரையைச் சாய்ச்சுக் காலை உயர்த்துங்க.

ஆனா கூட்டாளிக்குப் போடுறதை நான் விடல்ல. மேல்தாடை மட்டும், அதுவும் மார்க் போடாத ஒருத்தர் சம்மதம் கேட்டு எழுதி வாங்கின பிறகு.

கல்முனை_77:
மார்க் போடாதவர் கேட்டாலும் வகுப்பே பார்த்துக்கொண்டு நிக்கும் அக்கா. "ஏலாது" என்டுற பிள்ளைக்கு அடுத்த நாள் அதே வகுப்புக்குத்தானே போகோணும்?