ஃபோர் வீல் பிக்கப்பின் முன் சக்கரங்களுக்குக் கையால் பூட்டும் ஹப் போடலாமா? ஆலோசனை தேவை

கள்ளிக்குடி கரிசல்:
வணக்கம். என்னிடம் ஃபோர் வீல் பிக்கப் ஒன்று இருக்கிறது. முன் சக்கரங்களுக்குக் கையால் திருப்பிப் பூட்டுகிற ஹப் (சக்கரத்தின் நடுவில் இருந்து அதை ஆக்சிலோடு இணைக்கவும் விடுவிக்கவும் உதவும் பாகம்) போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று மெக்கானிக் சொல்கிறார். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் முடிவெடுக்க வேண்டும் என்பதால் அவசரமாகக் கேட்கிறேன். போடலாமா, வேண்டாமா? அனுபவம் உள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

வைகைக்கரை:
அண்ணே, எது சரியாக வேண்டும் என்பதையே நீங்கள் சொல்லவில்லை. என்ன வகை வண்டி, எந்தக் காலத்து மாடல், இப்போது ஹப்பின் முகத்தில் இருப்பது போல்ட் போட்டு இறுக்கிய வெறும் பிளேஞ்சா (சக்கரத்தை ஆக்சிலோடு நிலையாக இணைக்கும் தட்டு), தானாகப் பூட்டிக்கொள்ளும் வகையா? இவை தெரியாமல் யாராலும் பதில் சொல்ல முடியாது.

சிறுமலை ஏற்றம்:
தானாகப் பூட்டும் வகையாக இருந்தால் தயங்கவே வேண்டாம், மாற்றிவிடுங்கள். அந்த வகை ஆக்சில் ஷாஃப்டிலிருந்து வரும் முறுக்கு விசையைக் கொண்டுதான் சக்கரத்தைக் கவ்விக்கொள்கிறது. மலையிலிருந்து இறங்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, எஞ்சின் பிடிப்பில் வண்டியை விட்டால் அந்த விசையின் திசை மாறுகிறது; அப்போது சில ஹப்புகள் ஒரு கணம் விட்டுப் பிறகு மறுபடி கவ்வும். சிறுமலைச் சாலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டித் தோட்டங்களுக்குப் பிரியும் ஈர மண்பாதையில் அந்த ஒரு கணமே வண்டியை விளிம்புக்குத் தள்ளப் போதுமானது. கையால் பூட்டியது நாம் விடுவிக்கும்வரை விடாது.

பழைய இரும்பு:
இங்கே இந்தக் கேள்வி வராத மழைக்காலமே இல்லை. தம்பிமார்கள் அடிப்படையைத் தெரிந்துகொண்டு கேட்டால் எல்லாருடைய நேரமும் மிஞ்சும். தேவைப்படும்போது மட்டும் முன் சக்கரங்களை இணைக்கும் வண்டியில், டூ ஹையில் (பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும் சாதாரண ஓட்டம்) ஓடும்போது டிரான்ஸ்ஃபர் கேஸ் (விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்து அனுப்பும் பெட்டி) முன்பக்கத்துக்கு விசை அனுப்புவதில்லை. ஆனால் ஹப் நிலையாகப் பூட்டியிருந்தால், உருளும் முன் சக்கரங்களே ஆக்சில் ஷாஃப்டுகளையும், முன் கிரௌனையும் (முன் அச்சின் நடுவிலுள்ள பற்சக்கரத் தொகுதி), அதை டிரான்ஸ்ஃபர் கேஸோடு இணைக்கும் முன் புரொப்பல்லர் ஷாஃப்டையும் வெறுமனே சுழற்றிக்கொண்டு வரும். ஹப்பை விடுவித்தால் சக்கரம் தன் பேரிங்கில் மட்டும் சுழலும், உள்ளே இருப்பவை எல்லாம் ஓய்வாக நிற்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் மக்கள் கைக்கு வந்த ராணுவ ஜீப்புகளைச் சாலையில் ஓட்டுவதற்காக 1948இல் தொடங்கிய வார்ன் நிறுவனம் விற்றது இப்படி விடுவிக்கும் ஹப்பைத்தான். இந்த அளவுகூடத் தெரியாமல் பணத்தைக் கையில் எடுக்காதீர்கள்.

மேகமலை மேகம்:
என்னிடம் இருப்பது புதிய டொயோட்டா ஹைலக்ஸ். இதற்கும் இப்படிப்பட்ட ஹப் போட முடியுமா?

வைகைக்கரை:
தேவையில்லை. அதில் முன் கிரௌனிலேயே இணைப்பைத் தானாகத் துண்டிக்கும் அமைப்பு இருக்கிறது, சக்கர முனையில் பூட்டுவதற்கு எதுவும் இல்லை. சுசுகி ஜிம்னியில் காற்றை உறிஞ்சும் வேக்குவத்தைக் கொண்டு ஹப்பைப் பூட்டுகிறார்கள். கைவேலை ஹப் பற்றிய பேச்சு பெரும்பாலும் பழைய வண்டிகளுக்கே பொருந்தும்.

கள்ளிக்குடி கரிசல்:
மன்னிக்கவும், விவரம் தருகிறேன். 1990களின் ஜீப் வகை டீசல் பிக்கப். முன்னும் பின்னும் பட்டை ஸ்பிரிங். டிரான்ஸ்ஃபர் கேஸுக்கு இரண்டு லீவர். முன் ஹப்பில் இருப்பது ஆறு போல்ட் போட்ட வெறும் பிளேஞ்ச். பருத்தியும் மக்காச்சோளமும் ஏற்ற வேண்டியிருப்பதால் மழைக்காலத்தில் கரிசல் வண்டிப்பாதையில் ஃபோர் வீல் இல்லாமல் நகர முடியாது, மற்ற மாதங்களில் மதுரைக்கும் திருமங்கலத்துக்கும் தார்ச்சாலை ஓட்டம்தான். அறுபது கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டால் முன்பக்கத் தரையிலிருந்து ஓர் உறுமலும் நடுக்கமும் வருகின்றன. ஹப் போட்டால் அது நிற்கும் என்பதுதான் மெக்கானிக் சொல்வது. டீசலும் மிச்சமாகும் என்கிறார்.

மேலூர் லேத்:
வாங்குவதற்கு முன் பிளேஞ்சைக் கழற்றி ஆக்சில் ஷாஃப்ட் முனையில் இருக்கும் பற்களை எண்ணுங்கள். பழைய ஜீப் வகை ஷாஃப்டுகளில் 10 பல் வகையும் உண்டு, 27 பல் வகையும் உண்டு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றாகவே தெரியும். போல்ட் துளைகள் பொருந்திவிட்டன என்பதற்காக வாங்கி வந்துவிட்டு, உள்பல்லைக் கடைந்து தாருங்கள் என்று பட்டறைக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். அந்த வேலையை நான் எடுப்பதே இல்லை. உள்பல் முனை கடினப்படுத்தப்பட்ட எஃகு. அதைக் கடைந்தால் மேல்தோல் போய்விடும், சேற்றில் முதல் இழுப்பிலேயே பல் உருண்டுவிடும்.

சிறுமலை ஏற்றம்:
பிளேஞ்ச் என்றாலும் என் கருத்து மாறவில்லை. போடுங்கள். ஹப்பை விடுவித்துவிட்டு லோவை (வேகம் குறைந்து இழுவை கூடும் கியர் நிலை) போட்டால் பின் சக்கரங்கள் மட்டும் லோவில் ஓடும் வசதி கிடைக்கும். பல பழைய டிரான்ஸ்ஃபர் கேஸ்களில் முன் இயக்கத்தைச் சேர்க்காமல் லோ விழாது. நிலையான பிளேஞ்சோடு கான்கிரீட் களத்தில் லோவில் திருப்பினால் முன் அச்சும் பின் அச்சும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு வண்டி இறுகிப்போகும். ஹப் இருந்தால் டிரெய்லரைப் பின்னோக்கித் தள்ளுவது எவ்வளவு எளிது என்பதை ஒருமுறை செய்து பார்த்தால் தெரியும்.

பழைய இரும்பு:
அப்போது எஞ்சினின் மொத்த இழுவையும் பின் ஆக்சில் ஒன்றின்மேல் மட்டும் விழும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாரத்தோடு அப்படிச் செய்து பின் ஷாஃப்டை முறித்தவர்கள் உண்டு. டீசல் மிச்சம் என்பதும் மிகைப்பேச்சு. நின்றுவிடுகிற பாகங்களின் உராய்வு எஞ்சின் செய்யும் வேலையில் மிகச் சிறு பங்கு. டயரில் காற்று குறைந்திருந்தால் அதைவிட அதிகம் போய்விடும். ஹப் காப்பாற்றுவது தேய்மானத்தைத்தான், டீசலை அல்ல.

வைகைக்கரை:
தேய்மானம் குறைவதே எனக்குப் போதுமான காரணம். ஆனால் கரிசலில் ஓட்டுபவர் ஒன்றை யோசிக்க வேண்டும். வண்டி புதைந்த பிறகு இறங்கி ஹப்பைத் திருப்புவது நடக்கிற காரியம் அல்ல. கரிசல் சேறு ஹப் முகத்தின் பள்ளத்தில் அப்பிக் காய்ந்துவிட்டால் திருப்பிக்கு (ஹப்பைப் பூட்டவும் விடுவிக்கவும் திருப்புகிற குமிழ்) விரல் பிடி கிடைக்காது. தண்ணீர் ஊற்றி, குச்சியால் சுரண்டி எடுத்தால்தான் குறியே கண்ணுக்குத் தெரியும். அப்போது சிலர் பிளையரால் நெரிப்பார்கள். உள்ளே பல் நேர்ப்படாததால்தான் அது திரும்பவில்லை, வண்டியை ஓரடி நகர்த்தினால் கையாலேயே திரும்பிவிடும்.

சிறுமலை ஏற்றம்:
ஐப்பசியிலிருந்து மார்கழிவரை பூட்டியே வைத்துவிட்டு, லீவரை மட்டும் பயன்படுத்தலாமே. தார்ச்சாலையில் டூ ஹையில் ஹப் பூட்டியிருந்தால் எந்தக் கேடும் இல்லை.

பழைய இரும்பு:
அப்படியானால் அந்த மாதங்களில் அது பிளேஞ்சாகவே இருக்கிறது. இருப்பதை எடுத்துவிட்டு எதற்குப் பணம் கொடுக்க வேண்டும்?

வைகைக்கரை:
மீதி மாதங்களுக்காக ஐயா. அவர் ஆண்டில் பெரும்பகுதி தார்ச்சாலையில்தான் ஓடுவதாகச் சொல்லியிருக்கிறார். நீங்கள் ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு பேசுவது கேட்டவருக்கு உதவாது.

டீசல் புகை:
இந்த விவாதத்தில் முக்கியமான செய்தி நழுவிவிட்டது. பிளேஞ்ச் இருப்பதால் மட்டும் உறுமலும் நடுக்கமும் வராது. இதே வகை வண்டிகள் ஆண்டுக்கணக்காக நிலையான பிளேஞ்சோடு அமைதியாகத்தான் ஓடின. உங்கள் வண்டியில் முன்பக்கம் ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. ஹப் போட்டு விடுவித்தால் அது சுழலாது, அதனால் ஓசையும் நிற்கும். ஆனால் கெட்டது கெட்டபடியே இருக்கும். சேற்றில் பாரத்தோடு ஃபோர் லோ போடுகிற அன்று, மொத்த விசையும் அதன்மேல் விழும்போது, அது முறியும். எப்போது அது உங்களுக்குத் தேவையோ அப்போது முறியும் என்பதுதான் எனக்குக் கவலை.

செலவில்லாத சோதனை இருக்கிறது. முன் புரொப்பல்லர் ஷாஃப்டை இரண்டு முனையிலும் கழற்றி வைத்துவிட்டு, முன் இயக்க லீவரைத் தொடாமல் டூ ஹையில் அதே சாலையில் அதே வேகத்துக்கு ஓட்டிப் பாருங்கள். ஓசை நின்றால் குற்றம் அந்த ஷாஃப்டிலோ அதன் முனைகளிலுள்ள சிலுவை வடிவ மூட்டான ஜாயின்ட் கிராஸிலோ இருக்கிறது. நிற்காவிட்டால் முன் கிரௌன், ஆக்சில் ஷாஃப்டின் வளைவு மூட்டு, வீல் பேரிங் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். வீல் பேரிங் என்றால் ஹப் மாற்றினாலும் ஓசை நிற்கவே நிற்காது, ஏனென்றால் விடுவித்த ஹப்பிலும் சக்கரம் அதே பேரிங்கில்தான் சுழலும். ஜாக்கி போட்டுத் தூக்கி, டயரை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள்.

சிறுமலை ஏற்றம்:
இது நியாயமான பேச்சு. முதலில் இதைச் செய்யுங்கள் அண்ணே.

கள்ளிக்குடி கரிசல்:
ஷாஃப்டைக் கழற்றி ஓட்டினேன், ஓசை அடங்கிவிட்டது. டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கத்துக் கிராஸைப் பிரித்தபோது ஒரு கிண்ணத்தில் ஊசி பேரிங்குகள் செந்தூளாக உதிர்ந்தன. மற்ற மூன்றிலும் கிரீஸ் இல்லை. இரண்டு கிராஸையும் மாற்றச் சொல்லிவிட்டேன். ஹப்பை அறுவடைக்குப் பிறகு பார்த்துக்கொள்கிறேன். எல்லாருக்கும் நன்றி.

டீசல் புகை:
நல்லது. ஷாஃப்டை மறுபடி மாட்டும்போது நடுவிலுள்ள நழுவு முனையின் குறிகள் நேர்ப்பட வேண்டும். ஒரு பல் தள்ளி மாட்டினாலும் புதிய கிராஸோடும் நடுக்கம் வரும்.

பழைய இரும்பு:
தை மாதத்தில் ஹப் வாங்கினால் இவற்றை மனத்தில் வையுங்கள். உள்ளே மெல்லிய பூச்சாக மட்டும் கிரீஸ் தடவ வேண்டும், திணித்தால் திருப்பி இறுகிவிடும். கழற்றிய கையோடு வீல் பேரிங்கின் இறுக்கத்தையும் சரிபாருங்கள். பூட்டும்போது இரண்டு பக்கமும் பூட்ட வேண்டும். ஒரு பக்கம் விடுபட்டிருந்தால் முன் கிரௌன் அந்தப் பக்க ஷாஃப்டை மட்டும் வெறுமனே சுழற்றும், சக்கரம் இழுக்காது. மாதம் ஒருமுறையாவது பூட்டிச் சில கிலோமீட்டர் ஓட்டினால்தான் முன் கிரௌனின் மேல் பற்களுக்கு ஆயில் ஏறும். கண்மாய் நீரில் இறங்கி வந்தால் மூடியைத் திறந்து பாருங்கள், கிரீஸ் பால் நிறமாக இருந்தால் ரப்பர் வளையம் போய்விட்டது என்று பொருள்.

மேலூர் லேத்:
பிளேஞ்சைக் கழற்றும் அன்று பற்களின் எண்ணிக்கையை இங்கே எழுதுங்கள். 27 பல் என்றால் எந்த ஹப் கேட்க வேண்டும் என்று சொல்கிறேன். கழற்றிய பிளேஞ்சுகளை விற்றுவிடாமல் போல்டுகளோடு வண்டியிலேயே வையுங்கள். வயலில் ஹப் உடைந்தால் அதைக் கழற்றிவிட்டு பிளேஞ்சை மாட்டி வீட்டுக்கு வந்துவிடலாம்.