மாதக் கடைசி இரவில் மட்டும் பெற்றோல் எங்கே போகிறது?

கல்லடி முச்சக்கரம்
சென்ற மாதக் கடைசி நாள் இரவு ஒன்பதரைக்கு வழக்கமாக அடிக்கும் பெற்றோல் செட்டுக்குப் போனேன். விலை கூடப்போகிறது என்ற பேச்சு பின்னேரமே ஊரெல்லாம் பரவிவிட்டது. வாசலில் கயிறு கட்டி, "பெற்றோல் இல்லை" என்று மட்டை தொங்கவிட்டிருந்தார்கள். மறுநாள் காலை ஆறு மணிக்கு அதே செட்டில் புது விலைக்கு அடிக்கிறார்கள். இரவில் எண்ணெய் கொண்டுவரும் பவுசர் லொறி வரவில்லை. எதிரே தேநீர்க் கடையிலேயே படுத்துறங்கும் ஐயாவிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். நிலத்தடித் தாங்கியில் பெற்றோல் ஊற்றெடுத்ததா? விலையைத் தீர்மானிப்பது அரசா, செட் முதலாளியா?

சாய்ந்தமருது பழைய காசாளர்
தம்பி, எட்டு வருடம் செட்டில் காசாளராக இருந்தவன் சொல்கிறேன். விலையில் ஒரு சதத்தைக்கூட முதலாளி கூட்ட முடியாது. மாதக் கடைசி நள்ளிரவில் புது விலை அறிவித்தல் மேலிருந்து வரும், பம்பில் இலக்கத்தை மாற்றுவோம், அவ்வளவுதான். தாங்கியில் நான்கைந்து அங்குலம் எப்போதும் மிஞ்சிக் கிடக்கும். உறிஞ்சும் குழாய் அதற்கு மேலேதான் நிற்கும். அடியில் இருப்பது தண்ணீரும் கசடும். அளவுகோலில் பசை தடவி இறக்கினால் நனைந்த இடத்தில் நிறம் மாறும், அதைப் பார்த்துத்தான் "இல்லை" என்று எழுதுவோம். உள்ளே கிடப்பதெல்லாம் விற்கக்கூடியது அல்ல.

கல்லடி முச்சக்கரம்
காக்கா, இரவில் இறைக்க முடியாத நான்கு அங்குலம் காலையில் எப்படி இறைபட்டது?

சாய்ந்தமருது பழைய காசாளர்
அதற்கு என்னிடம் பதில் இல்லை. அப்படி நடந்திருந்தால் அது பதுக்கல்தான். 1977க்கு அழைத்துப் பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் மறுபக்கத்தையும் பாருங்கள். பணம் கட்டி 13,200 லீற்றர் இறக்கிய அன்றே விலை 10 ரூபாய் குறைந்தால், விடியும்போது 1,32,000 ரூபாய் போய்விடும். இழப்பீடு கிடையாது. அதனால்தான் விலை இறங்கும் என்ற கதை வந்தால் பலர் பவுசரே கேட்பதில்லை.

வாழைச்சேனைத் தோணி
விலை ஏறும்போது அதே 13,200 லீற்றரில் 1,32,000 ரூபாய் சும்மா கையில் விழுகிறதே, அந்தக் கணக்கை மட்டும் ஏன் விழுங்கினீர்கள்?

சாய்ந்தமருது பழைய காசாளர்
விழுங்கவில்லை, எழுத மறந்துவிட்டேன். சரி, விழும்தான்.

கணக்கு வாத்தியார், கல்முனை
செட்டை விட்டுவிட்டு மேலே பாருங்கள். அடிப்படை விலை சிங்கப்பூர்ச் சந்தையில் சுத்திகரித்த பெற்றோலுக்குரிய விலை. "மசகு எண்ணெய் இறங்கிவிட்டது, ஏன் இங்கே இறங்கவில்லை" என்று கேட்பவர்கள் இதைத்தான் தவற விடுகிறார்கள். சப்புகஸ்கந்தைச் சுத்திகரிப்பு நிலையத்தில் நம் தேவையில் ஒரு பங்குதான் சுத்திகரிக்கப்படுகிறது. அந்த விலையோடு கப்பல் கூலி, காப்புறுதி, ஆவியாகும் இழப்பு, களஞ்சியச் செலவு, விநியோகச் செலவு, கடைசியில் வரி. இதுதான் விலைச் சூத்திரம்.

எல்லாவற்றையும் ஆட்டுவிப்பது டொலர். ஒரு பீப்பாய் ஏறத்தாழ 159 லீற்றர். பீப்பாய் 80 டொலர் என்று ஒரு பேச்சுக்கு வையுங்கள். டொலர் 200 ரூபாய் என்றால் லீற்றருக்கு 100 ரூபாய். டொலர் 360 என்றால் அதே பெற்றோல் 181 ரூபாய். சிங்கப்பூரில் ஒரு சதமும் ஏறவில்லை, நமக்கு 80 ரூபாய் ஏறிவிட்டது. 2022இல் ரூபாய் விழுந்த வேகம் அதுதான்.

படுவான்கரை வயல்காரன்
சேர், கணக்கு அழகாக இருக்கிறது. அதில் வரி என்ற சொல்லை மட்டும் வாலில் கட்டிவிட்டீர்கள். 2024 ஜனவரி முதல் பெற்றோலுக்கும் டீசலுக்கும் 18 வீதம் வற் வரி. அதற்கு முன் எரிபொருளுக்கு அந்த வரியே இல்லை. பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் பழைய கடனுக்காக லீற்றருக்கு 50 ரூபாய் எடுக்கிறோம் என்று 2025இல் அரசே சொன்னது. கொழும்பில் சொகுசு வாகனம் ஓடுபவரும், வயல் உழ இருபது லீற்றர் டீசலை உரப்பையால் சுற்றி மோட்டார் சைக்கிளில் கட்டிக்கொண்டு வரும் நானும் லீற்றருக்கு ஒரே தொகைதான் கட்டுகிறோம். இது சூத்திரமா, தண்டலா?

கணக்கு வாத்தியார், கல்முனை
அந்தக் கடன் எப்படி வந்தது? வாங்கிய விலைக்குக் கீழே வருடக்கணக்கில் விற்றதும் அதில் ஒரு காரணம். 2018 மே மாதம் மங்கள சமரவீர நிதி அமைச்சராக இருந்தபோது மாதந்தோறும் 10ஆம் திகதி திருத்தும் விலைச் சூத்திரம் வந்தது. அடுத்த ஆட்சியில் அதைக் கைவிட்டார்கள். பிறகு நடந்ததைச் சொல்ல வேண்டுமா? 2022 ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் பெற்றோல் லீற்றர் 470 ரூபாய். அந்த விலைக்கும் கிடைக்கவில்லை. வரிசையில் வாகனத்துக்குள்ளேயே தூங்கினோம், கியூ.ஆர். குறியீட்டைக் காட்டி அளந்து வாங்கினோம். மலிவாக விற்றதற்கு நாம் கொடுத்த விலை அது.

வாழைச்சேனைத் தோணி
மண்ணெண்ணெயைப் பற்றி யாரும் பேசவில்லை. 2022 ஓகஸ்டில் லீற்றர் 87 ரூபாயாக இருந்ததை ஒரே இரவில் 340 ஆக்கினார்கள். 253 ரூபாய்! வெளி இணைப்பு இயந்திரம் பூட்டிய தோணிக்கு அதுதான் சோறு. அன்று கரையில் இழுத்து வைத்த தோணிகளில் சில இன்னும் தண்ணீரைக் காணவில்லை.

கணக்கு வாத்தியார், கல்முனை
87 ரூபாய்க்கு அந்த மாதங்களில் உங்களுக்கு எத்தனை லீற்றர் கிடைத்தது?

வாழைச்சேனைத் தோணி
கிடைக்கவில்லைதான். அதற்காக 340க்குத் தள்ளிவிட்டு "சந்தை" என்றால் போதுமா? மீனவனுக்கு மானியத்தைக் கையில் கொடுத்துவிட்டு விலையை ஏற்றியிருக்கலாம். முதலில் ஏற்றினார்கள், நிவாரணத்தைப் பிறகு பேசினார்கள். படுவான்கரை அண்ணன் சொல்வதும் இதைத்தான்.

கணக்கு வாத்தியார், கல்முனை
இதில் உங்களோடு முரண்பட மாட்டேன். விலையைக் குறைப்பது வேறு, ஆளைப் பார்த்து உதவுவது வேறு.

படுவான்கரை வயல்காரன்
போட்டி வந்தால் விலை குறையும் என்றார்களே? 2003இல் இந்தியன் ஒயில் வந்தது, 2023இல் சீனாவின் சினோபெக் வந்தது. பலகையின் நிறம் மாறுகிறது, இலக்கம் பெரும்பாலும் ஒன்றுதான். கூட்டுத்தாபனம் அறிவித்த கையோடு மற்றவர்களும் அதே வரிசையில் நிற்கிறார்கள்.

கணக்கு வாத்தியார், கல்முனை
எல்லோரும் கட்டுவது அதே வரி, வாங்குவது அதே சந்தையில். போட்டி போட மிஞ்சுவது சில ரூபாய்தான். ஆனால் ஒன்று: மாதா மாதம் புது விலையை மட்டும் சொல்லாமல், இறக்குமதிச் செலவு இவ்வளவு, வரி இவ்வளவு என்று பிரித்து அதே அறிவித்தலில் போட வேண்டும். மின்சாரப் பட்டியலில் அலகுக் கணக்கு வருகிறதே.

சாய்ந்தமருது பழைய காசாளர்
செட்காரரின் பங்கையும் அதில் போடுங்கள். 2025 மார்ச் முதலாம் திகதி எங்களுடைய 3 வீதத் தரகை நிறுத்திப் புது முறைக்கு மாற்றினார்கள். விநியோகஸ்தர்கள் பவுசர் கேட்காமல் விட்டார்கள், மறுபடி வரிசை. அன்று எல்லோரும் எங்களைத்தான் திட்டினீர்கள்.

கல்லடி முச்சக்கரம்
திட்டியவர்களில் நானும் ஒருவன். சிங்கப்பூர்வரை போய்விட்டு வந்தோம், என் கேள்வி இன்னும் கல்லடியிலேயே நிற்கிறது. இந்த மாதக் கடைசி இரவு மட்டை தொங்கினால், அளவுகோலை இறக்கிக் காட்டச் சொல்லிக் கேட்கப்போகிறேன். கேட்கலாமா காக்கா?

சாய்ந்தமருது பழைய காசாளர்
கேளுங்கள் தம்பி. காட்டமாட்டார். ஒன்பதரைக்குப் போகாமல் ஆறு மணிக்கே போய் அடித்துவிட்டு, பிறகு நின்று கேளுங்கள்.