கலைச்சொல்: கோபுரப் படங்களில் வரும் ‘கீஸ்டோனிங்’

அன்பர்களே,

கட்டடக்கலை ஒளிப்படக் கையேடு ஒன்றுக்குச் சொற்பட்டியல் தயாராகிறது. அண்ணாந்து படமெடுத்தால் நிமிர்கோடுகள் மேலே போகப்போக ஒன்றையொன்று நெருங்கும். ஆங்கிலத்தில் கீஸ்டோனிங் என்கிறார்கள். வரைவில் ‘செங்குத்துக் குவிவு’ என்று இருக்கிறது. ‘முடிக்கல் விளைவு’ என்றும் ஒரு பரிந்துரை. லென்சையே சாய்க்கவும் நகர்த்தவும் கூடிய டில்ட்-ஷிஃப்ட் லென்சுக்கு ‘சாய்நகர்வு வில்லை’. உங்கள் கருத்து?

---

> செங்குத்துக் குவிவு

குவிவு வேண்டாம். குவியம், குவியத்தொலைவு, குவிலென்ஸ் என்று அந்த வேர் ஒளியியலில் ஏற்கெனவே வேறு வேலை செய்கிறது. ‘குவிவைச் சரிசெய்க’ என்று படித்தவர் ஃபோகஸ் வளையத்தைத்தான் திருகுவார்.

முடிக்கல்லும் பொருந்தாது. வளைவின் உச்சியில் பூட்டும் அந்த ஆப்புக்கல் மேலே அகன்று கீழே ஒடுங்கியது. புரொஜெக்டரை அண்ணாத்தி வைத்தால் திரையில் விழும் வடிவம் அது. கேமராவை அண்ணாத்தினால் கிடைப்பது அதற்கு நேர்த் தலைகீழ்.

‘மேற்குறுகல்’ எனலாம். சென்சார் சுவருக்கு இணையாக இல்லாததால் சுவரின் மேல்பகுதி கேமராவின் அச்சுவழியே அதிகத் தொலைவுக்குப் போகிறது, சிறுக்கிறது. எவ்வளவு? முழுச்சட்டக் கேமராவை (36 × 24 மி.மீ. சென்சார்) நெடுக்காகப் பிடித்து 24 மி.மீ. லென்சை 15 பாகை அண்ணாத்துங்கள். ஒரே அகலமுள்ள சுவர், படத்தின் மேல்விளிம்பில் கீழ்விளிம்பில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்காகிவிடும். மென்பொருளில் நிமிர்த்தினால் மேல்விளிம்பை ஒன்றரை மடங்கு இழுக்க வேண்டும். நுணுக்கம் கரைவது சரியாகச் சுதைச் சிற்பங்கள் இருக்கும் இடத்தில், மேல்மூலைகளும் வெட்டுப்படும்.

---

ஐயா, மேற்குறுகல் மாடிக்கட்டடத்துக்குச் சரி. கோபுரத்துக்கு இடறுகிறது. திருவரங்கத்துத் தெற்கு ராஜகோபுரம், 1987-ல் நிறைவுற்ற 13 நிலைக் கோபுரம், கட்டுமானத்திலேயே மேலே குறுகுவது. அந்தக் குறுகலையும் கேமரா உண்டாக்கும் குறுகலையும் ஒரே சொல்லால் அழைத்தால் கையேட்டின் முக்கியமான பாடமே குழம்பிப்போகும்.

லைட்ரூம் போன்ற படத்திருத்த மென்பொருள்களின் தானியங்கித் திருத்தம் செய்யும் பிழையும் இதுதான். கோபுரத்தின் சாய்விளிம்புகளை நிமிர்கோடுகள் என்று எடுத்துக்கொண்டு விரித்துவிடுகிறது. உச்சிச் சாலை (மேலேயுள்ள வண்டிக்கூரை வடிவ முகடு) அகன்று, கலசங்கள் இடைவெளி விட்டு, கோபுரம் பெட்டிபோல் நிற்கும். கையால் வழிகாட்டிக் கோடு போடும் முறையே இங்கு நம்பத்தக்கது. கோட்டைச் சுதை நிலைகளில் போடாமல், கீழ்க் கல்காரத்தின் (கல்லாலான அடிப்பகுதியின்) அரைத்தூண்களிலோ வாசல் நிலைக்காலிலோ இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று போடுங்கள். அவை தூக்குக்குண்டு வைத்து நிறுத்தியவை.

என் பரிந்துரை ஓர் இணை: கட்டடத்தில் உள்ளது ‘கட்டுக்குறுகல்’, பார்வைக்கோணத்தால் வருவது ‘நோக்குக்குறுகல்’. மாடியிலிருந்து கீழ்நோக்கி எடுத்தால் அடிப்பக்கம் குறுகுமே, அதற்கும் இரண்டாவது சொல் பொருந்தும். மேற்குறுகல் அங்கே கைவிட்டுவிடும்.

---

நோக்குக்குறுகலை ஏற்கிறேன், மேற்குறுகலை விட்டுவிடலாம்.

> சாய்நகர்வு வில்லை

இதில் இரண்டு செயல்கள் ஒட்டிக்கிடக்கின்றன, பிரிக்க வேண்டும். நோக்குக்குறுகலைத் தவிர்ப்பது ஷிஃப்ட் மட்டுமே. டில்ட், படத்தில் தெளிவாக விழும் தளத்தைச் சாய்ப்பது. கோடுகளை நிமிர்த்த அது வேண்டாம். 1960-களின் தொடக்கத்தில் வந்த நிக்கானின் 35 மி.மீ. பிசி (பெர்ஸ்பெக்டிவ் கன்ட்ரோல்) லென்சில் ஷிஃப்ட் மட்டும்தான். 1973-இல் வந்த கேனானின் 35 மி.மீ. லென்சில்தான் இரண்டும் சேர்ந்தன. பள்ளி இயற்பியலில் இடப்பெயர்ச்சி பழகிய சொல். ஆகவே ஷிஃப்ட் ‘பெயர்ச்சி’, டில்ட் ‘சாய்வு’, லென்ஸ் ‘பெயர்ச்சி லென்ஸ்’. ஈழத்து வாசகருக்குப் ‘பெயர்ச்சி வில்லை’ என்றும் தரலாம். நகர்வு வேண்டாம், கேமராவை நகர்த்துவதோடு கலக்கும்.

பெயர்ச்சியின் பயனை எண்ணால் காட்டுங்கள். அந்தக் கோபுரம் சுமார் 72 மீட்டர். கேமராவை மட்டமாக வைத்து 24 மி.மீ. லென்சில் நெடுக்காக உச்சியைப் பிடிக்க, கோபுரத்தின் நடுவச்சிலிருந்து ஏறத்தாழ 94 மீட்டர் விலக வேண்டும். 12 மி.மீ. மேற்பெயர்ச்சி கொடுத்தால் 57 மீட்டர் போதும். லென்சின் படவட்டம், அதாவது லென்ஸ் உள்ளே வீசும் வட்டப் பிம்பம், பெரிது என்பதால் இது முடிகிறது: முழுச்சட்டத்தின் மூலைவிட்டம் 43 மி.மீ., கேனான் 24 மி.மீ. பெயர்ச்சி லென்சின் இரண்டாம் பதிப்பில் படவட்டம் 67 மி.மீ.

வரிசையும் முக்கியம். முக்காலியில் ரசமட்டம் பார்த்துக் கேமராவை மட்டமாக்குக. சாய்வைச் சுழியத்தில் பூட்டுக. ஒரு பாகை பிசகினாலும் கோபுரத்தின் ஒரு பகுதி மங்கும். கண்ணாடியுள்ள எஸ்எல்ஆர் என்றால் ஒளியளவைப் பெயர்ச்சிக்கு முன்பே எடுத்துக் கையால் நிலைநிறுத்துக, பெயர்த்தபின் அளவி பொய் சொல்லும். பிறகு பெயர்ச்சி, துளை (அப்பர்ச்சர்) எஃப் 8 முதல் 11 வரை.

இன்னொரு குறிப்பும் பதிவில் சேரட்டும்: நோக்குக்குறுகலை முற்றிலும் நீக்கினால் உயரமான கட்டடம் தலைகனத்து முன்னே சாய்வதுபோல் தெரியும். அண்ணாந்து பார்த்துப் பழகிய கண் கொஞ்சம் குறுகலை எதிர்பார்க்கிறது. சிறிதளவு விட்டுவைப்பது நல்லது. அதை ‘எச்சக்குறுகல்’ என்றாலே விளங்கும்.