காலில் ஜிபிஎஸ் பட்டை கேட்டு மனு போடலாமா?

வணக்கம். வக்கீல்கள் யாராவது இருந்தால் உதவுங்கள். என் சித்தப்பா மகன் அடிதடி வழக்கில் நிபந்தனை ஜாமீனில் இருக்கிறான். ஏற்காட்டில் காப்பித் தோட்ட வேலை. தினமும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி, சேலத்தில் கையெழுத்துப் போட்டுத் திரும்புவதற்குள் அன்றைய கூலி போய்விடுகிறது. ஒருநாள் தவறினாலும் ஜாமீன் ரத்தாகுமோ என்று வீட்டில் எல்லோருக்கும் பயம்.

ஜம்மு காஷ்மீரில் 2023-இல் தீவிரவாத வழக்கில் ஜாமீன் பெற்றவருக்குக் காலில், இருக்கும் இடத்தைப் போலீசுக்குக் காட்டும் ஜிபிஎஸ் பட்டை மாட்டினார்கள். தினமும் கையெழுத்துப் போடுவதற்குப் பதிலாக அதை நாமாகவே கேட்கலாமா? கூகுள் மேப்பில் இருப்பிடத்தைப் போலீசுக்குக் காட்டச் சொல்லும் ஜாமீன் நிபந்தனை அந்தரங்க உரிமைக்கு எதிரானது என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னது. சரியான தீர்ப்புதான். ஆனால் அவனே சம்மதித்தால்? இல்லை, கையெழுத்தை ஏற்காட்டுக்கே மாற்றக் கேட்டு நிபந்தனை தளர்வு மனு போடுவதுதான் நல்லதா? சேலத்தில் அப்படிப் போட்டவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.